கறுப்பிக்குக் கட்டிய மல்லிகை

அந்நாளில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் சந்துக்கென்று ஒரு மரியாதை இருந்ததென்றால், அதில் பெரும்பங்கு எங்கள் வீட்டுக்குரியது. தந்தையார் துறைமுக அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் ஆங்கிலப் பள்ளியில் வகுப்பின் முதல் மாணவன். பெரியவர்களே நின்று என்னிடம் பேசிவிட்டுப் போவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னர் நடந்தது எங்களை எவ்வளவு உறுத்தியது என்பது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் நாய் கறுப்பியின் அடிவயிற்றில், பின்னங்கால்களையொட்டிய முலையில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தோன்றியது. குட்டிகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டதால் பால் கட்டிக்கொண்டது என்று தாயார் முடிவுசெய்தார். மல்லிகை வாங்கிவந்து கட்டியின்மேல் வைத்து, பழைய சேலைக் கிழிசலால் சுற்றிக் கட்டினார். தினமும் புதுப் பூ. கறுப்பி அதைக் கடித்துப் போடாமல் தாயாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

எதிர்வீட்டுப் பெண்மணி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "என்னக்கா, பொண்ணுக்குப் பூ வச்சாச்சு போல! மாப்பிள்ளைக்கு எந்த ஊரு, புக்கிட் மெர்தாஜாமா?"

"பால் வத்தணும்லா. வலிக்குது அதுக்கு," என்றார் தாயார், தலை நிமிராமல்.

சந்தே சிரித்தது. தந்தையாருக்குப் பொறுக்கவில்லை. "கிராணி வீட்டு நாய் பூ வச்சுக்கிட்டு நிக்குதுன்னு ஆபீசு வரைக்கும் போயிடும். உள்ளே கட்டு!"

நானும் அதை நியாயமென்றே கருதினேன். பின்கட்டில், யார் கண்ணிலும் படாமல், கட்டி தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு வளர்ந்து புண்ணாயிற்று. அதன் பிறகே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவரும் தமிழர்.

"இது பால் இல்லம்மா, கேன்சர். சின்னதா இருக்கும்போதே கொண்டாந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப நுரையீரலுக்குப் போயிடுச்சு."

"நான் பூ கட்டினதாலயா டாக்டர்?"

"பூ ஒண்ணும் கெடுதல் பண்ணலம்மா. நாள்தான் போச்சு."

கறுப்பி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு எனக்கொரு தங்கை பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து அவள் வீட்டுக்கு வரவேயில்லை. தாயார் மட்டும் வந்தார். அந்த நாட்களிலும் அவர் தினமும் மல்லிகை வாங்கினார்; கூந்தலில் ஒரு பூவும் இராது. பூவெல்லாம் எங்கே போகிறது என்று வகுப்பின் முதல் மாணவனுக்குத் தோன்றவில்லை. பால் வற்றுவதற்குப் பெண்கள் மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள் என்பது, எனக்குத் திருமணமான பின்னரே தெரிந்தது.

பிள்ளை போன துக்கத்தில் புத்தி பேதலித்து நாய்க்குப் பூச்சூட்டினார் என்று உறவினர் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. தாயாரின் புத்தி தெளிவாகவே இருந்தது. தமக்குச் செய்துகொண்ட வைத்தியத்தையே அவர் கறுப்பிக்கும் செய்தார். அது பால்கட்டு அல்ல, அவ்வளவே.