ஒரே லயத்தின் மூன்று காம்பராக்கள்

கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம்முடைய தேயிலைத் தோட்டக் கிளினிக்கில் நெடுங்காலம் தாதியாக இருந்த கமலா மிஸ்ஸி தூக்கத்திலேயே போய்விட்டார். அழ உட்கார்ந்த பெண்கள் சற்று நேரத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டோம். அவரிடம் ஏச்சு வாங்காதவர் நம்மில் யார்? ஆளுக்கொரு கதை இருந்தது. என்னுடையது இது.

என் வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கொலஸ்ட்ரோல் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

“எதாச்சும் சாப்பிட்டீங்களாண்ணே?” என்று மிஸ்ஸி கேட்டார்.

“ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி. பால் தேத்தண்ணி மட்டுந்தான்.”

“அது சாப்பாடு இல்லையா?”

“தேத்தண்ணிய யாரு சாப்பாட்டுல சேர்ப்பா?”

தோட்டத்தில் பிறந்த எவரும் சேர்ப்பதில்லை. வரிசையில் பாதிப்பேர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் பெருமையாக, “அவருக்காக நான் நேத்துலேருந்து விரதம் மிஸ்ஸி” என்றேன்.

மிஸ்ஸி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “விரதம் நீ, ரத்தம் குடுக்கிறது அவரா? அப்ப உன் கையத்தான் நீட்டணும் புள்ள!”

இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்ததில் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. மாத்திரை தந்தார்கள். நெஞ்சுவலியே இல்லையே என்று வீட்டுக்காரர் சில நாளில் நிறுத்திவிட்டார். பிறகு கால் வீங்கியது. கிட்னி களைத்துவிட்டதாக டாக்டர் சொன்னதும் எனக்கு உயிரே இல்லை. அன்று மாலையே மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

“நெஞ்சு, கிட்னி, சீனி மூணும் ஒரே லயத்து வரிசையில சுவரொட்டி இருக்கிற காம்பராண்ணே, நாம குடியிருக்கிற அறைங்க மாதிரி. ஒண்ணுல தீப்பிடிச்சா பக்கத்துக் காம்பராக்காரன் போர்த்திக்கிட்டுத் தூங்குவானா? சீனி கூடினா ரத்தக் குழாய் கெடும். கொலஸ்ட்ரோல் அதுல போய்ப் படியும். நெஞ்சுக்கும் கிட்னிக்கும் அந்தக் குழாய்தானே போகுது? வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க.”

என் பக்கம் திரும்பினார். “வீட்டுக் கணக்கெல்லாம் சுத்தமா வைக்கிறவ நீ. சீனி டப்பாவில மட்டும் என்ன தாராளம்?”

முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றேன். “நேர்ந்துக்க. மாத்திரையையும் குடு. ரெண்டும் சண்ட போடாது” என்றார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் எல்லா மாத்திரையையும் போடுகிறார். கிட்னி அதற்குமேல் கெடவில்லை. மிஸ்ஸியின் பாடையை மேட்டுப் பாதையில் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர். இடையில் தோள் மாற்ற வந்தவர்களை, “ஏச்சு வாங்கினவன் நான், நாந்தான் தூக்குவேன்” என்று விரட்டிவிட்டார்.

மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். மாலையில் விளக்கேற்றி வீட்டுக்காரர் நெற்றியில் விபூதி இடுகிறேன், உள்ளங்கையில் மாத்திரையை வைக்கிறேன். விழுங்கும்வரை சாமியறையை விட்டு அவரை நகர விடுவதில்லை.