விமானத்துக்கு வைத்த பொட்டு

மல்லாவியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடைக்கு ரஜிதா முதன்முதலில் வந்தது, விரல் நீளத்தில் ஒரு சிவப்பு உறை தைக்கத்தான். பொம்மைக்குக் காலுறையா என்று கேட்டேன். விமானத்துக்கு என்றாள். எனக்கு மற்றவர்களைக் கேலி செய்யப் பிடிக்கும், என்னை யாரும் கேலி செய்தால் பிடிக்காது. அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் வேலை செய்த கம்பனி வானத்திலிருந்து வயல்களையும் குளங்களையும் படம் பிடித்து வரைபடம் செய்து கொடுக்கும் கம்பனி. ஆளில்லாத விமானம், ஒரு கட்டில் நீளத்துக்கு இறக்கை. சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டே நின்ற உளவு விமானத்தைச் சனம் வண்டு என்று சொல்லும். இதையும் அப்படியே சொன்னார்கள். ரஜிதா மட்டும் விமானம் என்றே சொல்வாள்.

அதன் மூக்கு நுனியில் பேனைக் குச்சி போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பிட்டோ குழாய் என்று பெயர். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் விமானம் தன் வேகத்தை அறிந்துகொள்ளும். ஓட்டைக்குள் ஒரு துளி தண்ணீர் நின்றால் போதும், வேகக் கணக்கு பிழைத்துவிடும். குளிர் நாடுகளில் அந்தத் துளி உறைந்து ஐஸாகி அடைத்துக்கொள்ளுமாம். எங்கள் பக்கம் ஐஸ் என்றால் ஐஸ்பழம் விற்கும் வண்டியில் வருவதுதான். ஆனால் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் ஓட்டை கண்ட இடத்தில் மண்கூடு கட்டும் குளவியும் இங்கே தாராளம். பெரிய விமானங்களில் குழாயைச் சூடாக்கி ஈரத்தை விரட்ட உள்ளே கம்பி வைத்திருப்பார்கள். இந்த விமானத்தில் கம்பி இல்லை. ரஜிதா இருந்தாள்.

விமானம் எழும்ப முன்னர் அவள் உறையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்ப்பாள். ஈரம் தெரிந்தால் காற்றடித்து உலர்த்துவாள், தூசி என்றால் நைலோன் நூலை விட்டு எடுப்பாள். வாயால் ஊதமாட்டாள், மூச்சிலும் ஈரம் இருக்கிறதாம். கடைசியாக ஒரு றப்பர் குழாயை அதன்மேல் கோத்து, ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சால் மெல்லக் காற்றை அழுத்துவாள். கணினியில் வேகம் ஏறினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் அன்றைக்கு விமானம் பறக்காது, யார் கத்தினாலும் பறக்காது.

"எங்கட மூக்கு டொக்டர் இன்னும் மருந்து எழுதேல்லை" என்று நிருஷன் பகிடி பண்ணுவான். அவன்தான் கணினியோடு உட்கார்ந்து விமானத்தை ஓட்டுகிறவன். பூநகரிக் கடற்கரைப் பிள்ளை, இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கமாட்டான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் "சரி" என்று சொல்லாமல் அவன் ஒருநாளும் பொத்தானை அழுத்தியதில்லை.

ரஜிதாவின் தகப்பன் முத்துலிங்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர். எங்கள் ஆட்களின் வயலில் கூலி வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார். எங்கள் ஆட்கள் அவரை எப்படி நடத்தினார்கள் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. மகள் விமானம் பார்க்கிறாள் என்று அவர் தேத்தண்ணிக் கடையில் சொல்லும்போது, அந்த ஆட்களே வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அந்தச் சுகம் ரஜிதாவுக்கும் இருந்தது. பிழை விடாதவள் என்ற பெயரை அவள் புதுச் சேலை மாதிரிக் கவனமாக வைத்திருந்தாள்.

போன ஐப்பசிக்குச் சற்று முன்னால் கம்பனிக்குக் குளத்து வயல்களைப் படம் பிடிக்கும் புது வேலை கிடைத்தது. பொறுப்பாளர் யோகநாதன் வவுனியாக்காரர், சாமி நம்பிக்கை உள்ளவர். முதல் பறப்பை விஜயதசமி காலையில் வைப்போம் என்றார். அதில் பிழையில்லை. நாங்கள் ஏடு தொடக்குவதும் அன்றைக்குத்தான், நான் இந்தத் தையல் மெசினை முதன்முதலில் மிதித்ததும் அன்றைக்குத்தான்.

முதல்நாள் மாலை ஆயுத பூசை. கம்பனி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டு விறாந்தையில் கும்பம் வைத்து, கணினி, பற்றரி, திருகாணிச் சாவி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, நடுவில் விமானத்தை வைத்தார்கள். கடலையும் அவலும் நானே போய்ச் சாப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ரஜிதாதான் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். விமானத்தடியில் வந்ததும் நின்றாள். விமானத்துக்கு நெற்றி எது? மூக்குத்தான். அதில் சிவப்பு உறை மாட்டியிருந்தது.

"முகத்தை மூடிக்கொண்டு பூசைக்கு இருக்கிறதோ" என்று சொல்லிக்கொண்டு அவளே உறையைக் கழற்றினாள். குழாயின் கழுத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்து எல்லாவற்றுக்கும் தெளித்தாள். சந்தனம் கரைத்த பன்னீர், நல்ல வாசம். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விடியும் வரை தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் உறை இரவு முழுக்கக் கும்பத்தடியில் கிடந்தது.

காலையில் கற்பூரம் காட்டி, நல்ல நேரம் முடிகிறதென்று யோகநாதன் அவசரப்படுத்தினார். ரஜிதா குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டையின் வாய் உலர்ந்துதான் இருந்தது, உள்ளே ஆழத்தில் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. கணினி வேகம் பூச்சியம் என்று காட்டியது. நிற்கிற விமானத்துக்கு அது சரிதானே. றப்பர் குழாயைக் கையில் எடுத்தாள். அதைக் கோத்தால் கழுத்தில் இருக்கும் பொட்டு அழிந்துபோகும். புது வேலை தொடங்குகிற நேரம், சாமிக்கு வைத்த பொட்டைத் தன் கையாலேயே அழிப்பதா? றப்பர் குழாயைப் பைக்குள் வைத்துவிட்டு "சரி" என்றாள்.

நிருஷன் பொத்தானை அழுத்தினான்.

விமானம் குளக்கட்டுக்கு மேலே போய்த் திரும்பும்போது, தான் மிக மெல்லப் போவதாக எண்ணிக்கொண்டது. மெல்லப் போகிற விமானம் விழுந்துவிடும் என்று அதற்குப் படிப்பித்திருக்கிறார்கள். அது முழு விசையையும் கொடுத்து மூக்கைக் கீழே குத்தியது. இரைச்சல் ஏறி வந்த விதத்தைக் கேட்டு நானும் கடைக்கு வெளியே வந்து நின்றேன். நிருஷன் விமானத்தைத் தன் கைக்கு மாற்றி நிமிர்த்தப் பார்த்தான். நேரம் போதவில்லை.

விதைத்திருந்த வயலில் விழுந்தது. வயல்காரி வடிவம்மா வரம்பில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் மேல் ஒரு தூசியும் படவில்லை. ஆனால் அவருக்கு அந்த இரைச்சல் பழைய இரைச்சல்தான், விமானம் விழுந்த பிறகும் எழும்பவில்லை. ரஜிதாதான் முதலில் ஓடி வந்தாள். வடிவம்மாவைக் கடந்து போய், உடைந்து கிடந்த மூக்கைத் தூக்கினாள். ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. பன்னீரில் கரைந்த சந்தனம். பைக்குள்ளிருந்து நைலோன் நூலை எடுத்தாள், விட்டாள், இழுத்தாள், காற்றடித்தாள். அடைப்பு மாவாக உதிர்ந்து சேற்றில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பி வடிவம்மாவைத் தூக்கினாள். மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது குழாய் சுத்தமாக இருந்தது.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேகம் குறைந்துபோனது என்று கணினி சொன்னது. குழாய் சொன்ன பொய்யைத்தானே கணினியும் சொல்லும். குழாயைப் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. அப்படியானால் ஓட்டினவன்தான் வேகத்தை விட்டுவிட்டான் என்றார்கள். அவன் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "நான் பதறிப் போனன். அந்தச் சத்தம் கேட்டோடன கை நடுங்கினது" என்று தானே சொன்னான். சின்ன வயதில் பங்கருக்குள் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளை அவன். கை நடுங்கியதும் உண்மையாகத்தான் இருக்கும். விமானம் விழுந்தது அதனால் அல்ல என்று தெரிந்தவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

நிருஷனை வேலையால் நிறுத்தினார்கள். இனி எந்தக் கம்பனியும் அவனை எடுக்காது, இந்தத் தொழிலில் பெயர் கெட்டால் கெட்டதுதான். அவன் போகும்போது அவளிடம் வந்து, "உங்கட விமானத்தை உடைச்சுப்போட்டன், குறை நினையாதேங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதோடு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுக்கும்போது அழுதாள். சந்தன வாசம் வந்தால் கோயிலில்கூட நிற்கமுடியாமல் வெளியே வந்தாள். புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். "விசாரணை முடிஞ்சுது, இனி ஏன் கிளறுறாய்? மாமாவின்ர முகத்தையும் ஒருக்கா யோசி" என்றான் அவன். அவள் தகப்பனின் முகத்தைத்தான் யோசித்தாள். தேத்தண்ணிக் கடையில் இருக்கிற அந்த முகத்துக்காக இன்னும் கொஞ்சக் காலம் பேசாமல் இருந்தாள். குற்றம் செய்தது ஒரு காலைப்பொழுது, பேசாமல் இருந்தது ஒவ்வொரு நாளும். எனக்கு முதலாவதை மன்னிக்க முடிகிறது.

தைப்பொங்கல் முடிந்த பிறகு ஒருநாள் யோகநாதன் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டாள். பன்னீர், பொட்டு, கோக்காமல் விட்ட றப்பர் குழாய், நைலோன் நூல், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, உம்மை எனக்குத் தெரியும். நீர் பாக்காமல் ஒரு நாளும் விமானத்தை விடமாட்டீர்" என்றார்.

"அண்டைக்குப் பாக்கேல்லை சேர்."

"குழாயைக் கொழும்பில பிரிச்சுப் பாத்தாச்சு. ஒரு தூசியும் இல்லை."

"நான்தான் துப்பரவாக்கினனான்."

"ஏன் துப்பரவாக்கினீர்?"

யோகநாதன் பெருமூச்சு விட்டார். "நிருஷன் பாவம்தான். எனக்கும் மனவருத்தம். அதுக்காக அவன்ர பிழையை எடுத்து உம்மட தலையில போடாதையும். உமக்கும் பிள்ளையள் இருக்கு. போய் வேலையைப் பாரும்." இதை அவர் ரகசியமாக வைத்திருக்கவும் இல்லை. இப்படி ஒரு தங்கமான மனம் யாருக்கு வரும் என்று நாலு பேரிடம் சொன்னார். ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. முத்துலிங்கம் முன்னிலும் நிமிர்ந்து நடந்தார்.

சரி, யார் நம்பாவிட்டாலும் அவன் நம்பினால் போதும் என்று பூநகரிக்குப் போனாள். அந்தப் பாதையில் பஸ் எப்போதாவதுதான் வரும், வெயிலில் காத்துக்கிடந்து போனாள். நிருஷன் முற்றத்தில் இறால் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தாய் அன்னபாக்கியம் கதிரை கொண்டுவந்து போட்டார். ரஜிதா இருக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள்.

அவன் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். கடைசியில் சிரித்தான், பகிடிச் சிரிப்பு இல்லை.

"அக்கா, நீங்கள் சரி எண்டு சொன்ன குழாயில ஒருநாளும் பிழை இருந்ததில்லை. என்ர கை நடுங்கினது எனக்குத் தெரியும். என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாதேங்கோ."

"பொய் இல்லையடா. சாமி சத்தியமா நான்தான்."

"சாமியையும் இழுக்காதேங்கோ. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்களே, அதுவே எனக்குக் காணும்."

அன்னபாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த தாய் நானே இவனை ஏசினனான் பிள்ளை, நீ வந்து ஆறுதல் சொல்லுறாய்" என்று கண்ணைத் துடைத்தார். வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் இறால் ஒரு பை கட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸால் இறங்கி நேரே என் கடைக்குத்தான் வந்தாள், இறால் பையோடு. முதலிலிருந்து சொன்னாள். நான் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஏன் துப்பரவாக்கினாய் என்று நானும்தான் கேட்டேன். "கை பழக்கத்தில செய்துபோட்டுது அக்கா" என்றாள்.

"கை அரைவாசி, நீ அரைவாசி" என்றேன்.

"ஓம்" என்று ஒத்துக்கொண்டாள். என் மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. ஒரு சொல்லும் விடாமல் நம்பினேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவள் என் கடைக்கு வருவதில்லை. என்னைக் கண்டால் தலையாட்டிவிட்டு மற்ற ஒழுங்கையால் போய்விடுவாள். போன கிழமை சந்தையில் மரக்கறிக்காரியிடம் இருவரும் ஒன்றாக மாட்டுப்பட்டோம். ஏன் இப்போது கடைப்பக்கம் காணவில்லை, என்னில் ஏதும் கோபமா என்று நேரே கேட்டேன்.

"கோபமில்லை அக்கா" என்றாள். கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "மற்ற எல்லா இடத்திலயும் நான் நல்ல மனுசி. உங்களுக்கு முன்னால மட்டும்தான் நான் அதைச் செய்தவள்."