மாமன் நெற்றிப் பொட்டு

பாவாத்தாள் புருசனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் செத்த பின்னால், அவள் தம்பி ராசப்பன் மகன் அன்புமணிதான் நினைப்பிலிருந்தே மாமனைப் பென்சிலில் வரைந்து கொடுத்தான். அத்தை அந்தக் காகிதத்திலேயே குங்குமம் வைத்துக் கும்பிட்டு வந்தாள்.

தொண்ணூற்று நாலில் ஓவியக் கல்லூரி இன்டர்வியூவுக்கு வகுப்பில் போட்ட படங்களோடு, சொந்தமாக வரைந்ததும் கேட்டார்கள். அத்தையிடம் மாமன் படத்தை இரவல் வாங்கினான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களென்று பொட்டை ரப்பரால் அழித்தான். நெற்றி நைந்துபோனது.

சீட் கிடைத்தது. படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அத்தை அந்த நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னைக்கு எம்பொட்ட அழிக்க ஊரே கூடுச்சு. உம்மாமன் பொட்டுக்கு நீ ஒருத்தனே போதும்போல கண்ணு."

அத்தை குங்குமச் சிமிழைத் தேடப் போனாள்.