மணல் மூட்டை போட்ட கார்

பே சிட்டி என்கிற ஊரில் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் நின்றுபோனால் வெண்டல் சோப்சாக்கைத்தான் கூப்பிடுவார்கள். வருவான், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு நிலவறைக்குள் இறங்குவான், சரிசெய்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விடுவான். வீடு கதகதப்பானதும் வீட்டுக்காரர்களுக்கு அவன் பெயர் மறந்துபோகும். "நோரீன் புருஷன் வந்து பாத்துட்டுப் போனாரு" என்பார்கள். அறுபது வயது வரை அவன் நோரீன் புருஷனாக இருந்தான், பீட்டர் அப்பாவாக இருந்தான், ஆர்லன் தங்கச்சி வீட்டுக்காரனாக இருந்தான். இதைப் பற்றி அவன் யாரிடமும் குறைபட்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் இருந்துகொண்டேதான் இருந்தது.

நோரீனின் அண்ணன் ஆர்லன், கார் தொழிற்சாலையில் இஞ்சின் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே இருந்த இரைச்சலில் காது இரண்டும் போயின. காதில் கருவி மாட்டிக்கொண்டு, எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். கார்கள் உறுமும் இடத்தில் அந்தக் கருவி கீச்சிடும் என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். அதற்குப் பதில் இஞ்சின் ஓடும்போது காரின் முன்பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார். "எந்த சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு என் கைக்குத் தெரியும்" என்று பெருமையடிப்பார். அது வெற்றுப் பெருமையும் இல்லை.

அவருடைய கார் 1970-ஆம் வருடத்து செவெல். கருநீலம், பானட்டின் மேல் இரண்டு வெள்ளைப் பட்டை. உள்ளே எட்டு சிலிண்டர் இஞ்சின், அடுப்பு மாதிரி கொதிக்கும், தண்ணீர் மாதிரி பெட்ரோல் குடிக்கும். அதை அவரே பிரித்து அவரே பூட்டியிருந்தார். சர்க்கரை நோயால் அவருடைய வலது பாதத்தை எடுக்க வேண்டி வந்தபோது, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே சாவியை வெண்டலிடம் நீட்டினார்.

"சீட்டை மாத்து, பெயிண்ட் அடி, என்ன வேணா பண்ணு. இஞ்சின்ல மட்டும் கை வைக்காத."

"நான் ஏன் வைக்கப்போறேன்" என்றான் வெண்டல். அப்போது அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் மாதா கோயில் மைதானத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். கோயில் பெண்கள் காபியும், பியரோகி என்கிற கொழுக்கட்டையும் விற்பார்கள். அவரவர் காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பானட் திறந்திருந்தால் வா, வந்து பேசு என்று அர்த்தம். வெண்டல் அந்த செவெலைக் கழுவி, மெழுகு பூசி, முகம் தெரிகிற மாதிரி துடைத்துக் கொண்டுபோய் நிறுத்துவான். "ஆர்லன் காரு வந்துடுச்சு" என்பார்கள். ஒரு நாள் கோயில் வாசலிலேயே இஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது. லெஸ்டர் என்றொருவர், வாய் கொஞ்சம் நீளம், "ஆர்லன் கையில இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். முள் ஆழமாக இறங்கியது அன்றைக்குத்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெண்டல் ஷெட்டே கதியென்று கிடந்தான். இண்டியானாவில் மண் பாதையில் பந்தயம் ஓட்டுகிற ஒருவன், விபத்தில் நசுங்கிய புதுக் கார் ஒன்றின் டர்போ இஞ்சினை, ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியுமாக வைத்திருந்தான். ஆர்லனின் இஞ்சினை அதற்கு மாற்றாக அந்தப் பந்தயக்காரன் வண்டியில் ஏற்றிவிட்டு, வெண்டல் இதை இறக்கிக்கொண்டான். நாலே சிலிண்டர். எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில் அதை வைத்தபோது, மிச்ச இடத்தில் ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போல இருந்தது. இஞ்சின் தாங்கிகளைத் தானே வெட்டிப் பற்றவைத்தான். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டியை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினான். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேண்டாததைக் கழித்து, மறுபடி கட்டினான். நல்ல வேலை என்றால் அப்படியொரு நல்ல வேலை. அவன் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த காரியம் அதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்று நோரீன் கேட்டாள்.

"சொல்றேன்."

பிறகும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பனி உருகியதும் ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தான். மிதித்ததும் கார் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பிறகு அவனைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு பறந்தது. கொதிக்கவில்லை, புகையவில்லை. வெண்டல் தனியாகச் சிரித்தான். இது என் காரு என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்ன மாத்திரத்தில், இதை யாரிடம் காட்டுவது என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. காட்டினால் விஷயம் ஆர்லன் வரைக்கும் போகும். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பழைய இஞ்சினின் பாரம் போனதால் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தெரிந்தவன் பார்த்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவான். அந்த ஊரில் பனிக்காலத்தில் பிக்கப் வண்டிகளின் பின்னால், சறுக்காமல் இருக்க, பாரத்துக்கு மணல் மூட்டை போடுவது வழக்கம். வெண்டல் அந்த மூட்டைகளைக் கொண்டுவந்து பானட்டுக்கு அடியில் இருபுறமும் அடுக்கினான். மூக்கு பழைய உயரத்துக்கு இறங்கியது. இலேசான இஞ்சின் வேண்டுமென்று மாற்றியவன், இலேசானது வெளியே தெரியக் கூடாதென்று மணல் ஏற்றினான். இந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சனிக்கிழமைகளில் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று யாரும் வருவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விடுவான். எல்லோரும் போனபிறகு கிளம்புவான். பானட்டைத் திறப்பதில்லை.

"பானட் கொக்கி மாட்டிக்கிச்சு, திறக்க வரல" என்பான்.

"ஊர்ல இருக்கற ஹீட்டரையெல்லாம் பிரிச்சு மேயுற. ஒரு கொக்கி உன் கைக்கு அடங்கலையா?" என்பார் லெஸ்டர். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். வெண்டலும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான். மனதுக்குள் கூனிக் குறுகிப்போவான்.

ஆகஸ்டில் ஆர்லனின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. அவர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடக்கப் பழகியிருந்தார். நோரீன் அவரை மைதானத்துக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதே வெண்டலுக்குப் புரிந்தது.

கிழவர் ஊன்றுகோலோடு காரைச் சுற்றி வந்தார். யாரோ கொடுத்த காபியை இரண்டு கைகளாலும் பிடித்து, கோப்பையைப் பார்த்தபடியே குடித்தார். குடித்து முடித்துக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுடா."

"கொக்கி மாட்டிக்கிட்டு..." என்று வெண்டல் பானட்டைக் காட்டினான்.

"பானட்டை யாரு கேட்டா? ஸ்டார்ட் பண்ணு. கை வெச்சுப் பாக்கறேன். எனக்கு இன்னைக்கு வேற எதுவும் வேணாம்."

லெஸ்டர் வந்து நின்றார். கூட நாலைந்து பேர் வந்தார்கள். காரில் ஏறி உட்கார்ந்தபோது வெண்டலுக்கு ஒரு நினைப்பு ஓடியது. இவருக்குத்தான் காது கேட்காதே. அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. பிற்பாடு எல்லாவற்றையும் விட அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவன் அதிகம் வெட்கப்பட்டான்.

சாவியைத் திருப்பினான். எட்டு சிலிண்டரின் அதட்டல் கேட்க வேண்டிய இடத்தில், தையல் மிஷின் மாதிரி ஒரு சீரான சத்தம் கேட்டது. லெஸ்டரின் கையில் பியரோகி பாதி வழியில் நின்றது. ஒருவர் தரையைப் பார்த்தார். இன்னொருவர் திரும்பித் தன் காரைத் துடைக்கப் போனார். அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. கேட்காதவர் ஆர்லன் ஒருவர்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தகட்டில் உள்ளங்கையை அழுத்தி, வெகுநேரம் நின்றார்.

"அப்படியே இருக்குடா" என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில். "நான் விட்ட மாதிரியே இருக்கு."

வாய் நீளமான லெஸ்டர் கூட மிச்சப் பியரோகியை வாயில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு நக்கல் அடித்திருந்தால் வெண்டல் தாங்கியிருப்பான்.

வீட்டுக்குப் போகும்போது ஆர்லன் இந்தக் காரில்தான் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டார். வெண்டல் மாட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். ஆற்றோரம் வந்ததும் ஆர்லன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெண்டல், அங்க ஒரு பொய் சொல்லிட்டேன்."

வெண்டல் திரும்பிப் பார்த்தான்.

"கை ரெண்டும் மரத்துப்போச்சுடா. சர்க்கரைதான். போன வாரம் அடுப்புல விரல் சுட்டது கூட வாசனை வந்துதான் தெரிஞ்சுது. உன் காரு மேல கை வெச்சேன், ஒண்ணுமே தெரியல. ஓடுதா நிக்குதான்னு கூடத் தெரியல. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்ல? அப்படியே இருக்குன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட பொய் சொன்னது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நோரீனுக்குச் சொல்லாத, அழுவா."

வெண்டல் காரை ஓரமாக நிறுத்தினான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் இவன், கேட்டது அவர். இறங்கிப் போய் பானட்டைத் தூக்கி நிறுத்தினான். பிறகு ஆர்லன் பக்கத்துக் கதவைத் திறந்து, கையைக் கொடுத்து இறக்கி, முன்பக்கம் அழைத்துவந்தான்.

ஆர்லன் பார்த்தார். முதலில் அந்தச் சின்ன இஞ்சினை, பிறகு அதைச் சுற்றியிருந்த வெற்றிடத்தை, பிறகு இருபுறமும் அடுக்கியிருந்த மூட்டைகளை.

"என்னுது எங்க?"

"கொடுத்துட்டேன். பந்தயக்காரனுக்கு." அவர் உதட்டைப் பார்க்கட்டும் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னான். அப்படி வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. "ரெண்டே வாரத்துல அது வெடிச்சுப்போச்சாம்."

"மணல் எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

ஆர்லன் தலையாட்டினார். குனிந்து ஒரு தாங்கியைப் பார்த்தார், பற்றவைத்த இடத்தைப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு" என்றார். "மூட்டையை எடுத்துப் போடு. இனிமே இது உன் காருடா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வெண்டல் ஒரு குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்தான். இப்போது அதைக் கேட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போதெல்லாம் மைதானத்தில் அவன் பானட் திறந்தே இருக்கிறது. காரின் மூக்கு கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் குனிந்து பார்த்து மெச்சுகிறார்கள். ஆர்லனும் தவறாமல் வருகிறார், வெண்டலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிறார். பழைய ஞாபகத்தில் யாராவது "ஆர்லன் காரு" என்று வாயெடுத்தால், ஆர்லன் சொல்பவரின் உதட்டைப் பார்த்தே அதைப் பிடித்துவிடுகிறார்.

"என்னுது இல்ல" என்கிறார், மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில். "அவனோடது."