குட்டையில் தீர்ந்துபோன காற்று

காலையில் ஜன்னலோரம் வைத்து மறந்த கண்ணாடித் தம்ளரை மத்தியானம் குடிக்க எடுத்தேன். உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டியிருந்தன. யாரும் தண்ணீரைக் கலக்கவில்லை, காய்ச்சவில்லை. வெயில் பட்டுச் சூடானதும் கரைந்திருந்த காற்று வெளியே வந்து சுவரில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கத்திலிருந்து செத்த மீன் நாற்றம் மூக்கில் ஏறியது. குட்டையில் மீன்கள் எதனால் செத்தன என்பது சட்டென்று புரிந்தது.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் குட்டை. மீன் குத்தகை என் மாமாவுடையது. இந்தக் கோடையில் ஒரு மழைகூட இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வற்றி, கஞ்சிபோலக் கெட்டியாகிவிட்டது. போன வாரம் விடியற்காலைகளில் மீன்கள் வாயை மேலே நீட்டித் திணறின. பிறகு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பாசி மேல் ஈ, மீன் கண்ணில் ஈ, எங்கள் சோற்றிலும் ஈ. வயிறு வெடிக்காத மீன்களாகப் பொறுக்கி மாமா உப்புத் தடவிக் காயவைத்தார். "கருவாடாயிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நான் சுவரோரம் போய் வாந்தியெடுத்தேன்.

கரையில் துணி வெளுக்கும் கற்கள் இருக்கின்றன. அங்கே வெளுப்பவர்கள் போடும் சலவைச் சோடாதான் விஷம் என்பது மாமாவின் கட்சி. திங்கட்கிழமை கார்ப்பரேஷன் ஆள் வருகிறாராம். அவரிடம் சொல்லிக் கற்களைப் பெயர்த்துவிடப் போகிறாராம். எங்கள் வீட்டுத் துணி எடுக்கும் அக்கா, "அந்தக் கல்லு போச்சுன்னா நான் எங்க போயித் துவைக்கறது கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

தம்ளரோடு மாமாவிடம் ஓடினேன். அவர் மீன் கீறிக்கொண்டிருந்தார்.

"மாமா, சோடா இல்ல, வெயிலு. தண்ணி சூடாச்சுன்னா காத்தப் பிடிச்சு வச்சிக்காது. நம்ம ஊரு மேட்டுல இருக்கா, மெட்ராஸ விட இங்க காத்தழுத்தம் கம்மி, அதனாலயும் கொஞ்சம் கம்மியாத்தான் கரையும். அசையாம நிக்கற தண்ணியில புதுக் காத்து சீக்கிரம் எறங்காது. இருக்கறதையும் அடியில அழுவற சேறு தின்னுடும். அப்புறம் உப்பு, சோடா மாதிரி எதாச்சும் கரைஞ்சிருந்தா..."

அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு காரணம் விட்டாலும் மார்க் போகும் என்று பழகிய நாக்கு.

"...அப்பவும் கம்மியாவும்."

மாமா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னொரு வாட்டி சொல்லு. சோடா கரைஞ்சா காத்து கம்மியாவும்?"

"துளியூண்டு மாமா. அவங்க போடற சோடா இத்தன தண்ணிக்கு ஒண்ணுமேயில்ல."

"துளியோ படியோ, ஆவுமில்ல? பில்குல் கரெக்ட். காலேஜ் பொண்ணு வாயால வந்துச்சு. திங்கக்கெழம அந்த ஆளு எதிர்ல இதையே சொல்லு." செதில் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தட்டினார். எத்தனை சோப்புப் போட்டும் அந்த வாடை போகவில்லை.

சாயங்காலத்துக்குள் சேதி கரைக்குப் போய்விட்டது. அக்கா எங்கள் துணிமூட்டையைத் துவைக்காமலே கொண்டுவந்து வாசலில் போட்டாள். "நல்லா படிச்சம்மா. இன்னும் நெறயப் படி."

மாமா மேல் எவ்வளவு அருவருப்போ, என் பேச்சின் மேலும் அவ்வளவு வந்தது. இனி பேசிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகதியில் நானே இறங்கப் போகிறேன். உயிரோடு மிச்சமிருக்கும் கெண்டைக் குஞ்சுகளைப் பிடிக்க வேறு வழியில்லை. வெளுக்கும் கல்லடியிலிருந்தே இரண்டு அண்டாவில் தண்ணீர் எடுத்து, குஞ்சுகளைப் பாதிப் பாதியாக விடுவேன். இரண்டிலும் அதே சோடா, அதே அழுக்கு, அதே வெயில். ஒன்றைத் தொடமாட்டேன். மற்றதில் சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று உள்ளே போகும்படி. சோடா விஷமென்றால் இரண்டிலும் மீன் சாகும். அப்படி ஆனால் மாமா சொன்னதே சரியென்று நானே சொல்லிவிடுவேன். ஊற்றுகிற அண்டாவில் மட்டும் பிழைத்தால், திங்கட்கிழமை இரண்டு அண்டாவும் கார்ப்பரேஷன் ஆள் முன்னால் இருக்கும். விடிய விடிய ஊற்ற எனக்கு ஒரு கை போதாது. காலையில் அக்கா வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிடப் போகிறேன், முகத்தில் கதவைச் சாத்தினாலும்.