மெட்டில்டா அக்கா வீட்டு ஏழு மணி

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே டீ, முறுக்குத் தட்டு, ரிமோட் மூன்றும் முக்காலிக்கு வந்துவிடும். சீரியல் தொடங்கியதும் மெட்டில்டா அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்து திரையில் இருப்பவர்களை விசாரிக்க ஆரம்பிப்பார். "இடது தோள்ல தழும்பு இருந்துச்சே, அதப் பாத்தீகளா? பாக்காம உள்ள விட்டா எப்படி?"

கதைப்படி, படகு விபத்தில் செத்துப்போனதாகத் திவசமே முடிந்துவிட்ட செழியன் என்பவன் பன்னிரண்டு வருஷம் கழித்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தன் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. என் பிள்ளைதான் என்கிறாள் அம்மா. ஆள்மாறாட்டம் என்கிறான் தம்பி. மனைவி வாயே திறப்பதில்லை. இதை இருநூறு எபிசோடாக இழுக்கிறார்கள். நான் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் சாஃப்ட்வேர் ஆள். சீரியல் பார்க்கிற ஜாதியில்லை என்று சொல்லிக்கொண்டே எழுபது எபிசோட் பார்த்துவிட்டேன்.

அக்காவுக்குச் சனத்நகரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, இருபத்தாறு வருஷமாக. பேப்பர் இல்லாமல் வரும் பெட்டியை அங்கே உள்ளே எடுப்பதுமில்லை, திருப்பி அனுப்புவதுமில்லை. 'ஹோல்ட்' என்று எழுதி ஒட்டித் தனி ரேக்கில் வைத்துவிடுவார்கள். செழியனுக்கும் அதே தீர்ப்புதான். "ஹோல்ட்ல போடுங்க. பேப்பர் வரட்டும். அதுக்குள்ள எதுக்குக் கட்டிப் புடிச்சி அழுகுறீக?"

பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் ரூஃபஸ், ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து, தலையில் ரத்தம் கட்டி, ஆபரேஷன் ஆனது. இப்போது நடக்கிறார், பைபிள் வாசிக்கிறார். என்னைத் தெரிகிறது, முப்பது வருஷத்துக்கு முந்தைய ஃபோர்மேனைத் தெரிகிறது. மனைவியைத்தான் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வற்புறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா டீ கொடுத்தால் பாதி எழுந்து மரியாதையாக வாங்கிக்கொள்வார்.

"தேங்க்ஸ் சிஸ்டர். நீங்க கெளம்புங்க, இருட்டிருச்சு. என் மிஸஸ் சனத்நகர்லேருந்து இப்ப வந்துருவா."

"வரட்டும் சார். வந்ததும் போறேன்," என்பார் அக்கா, திரையைப் பார்த்தபடியே.

அவர்கள் போகும் தமிழ்ச் சர்ச்சில் வாசலிலேயே ஜெப விண்ணப்பப் பெட்டி உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டால் பாஸ்டர் ஆராதனையில் வாசிப்பார். அக்கா எழுதிப் போட்டது, 'சகோதரர் செழியன், நினைவு திரும்ப'. புதிதாக வந்த பாஸ்டர் நோவா மூன்று ஞாயிறு மனமுருகி வாசித்தார். சபையில் பாதிப் பெண்கள் அதே சீரியல் பார்ப்பவர்கள். முதல் வாரமே விஷயம் புரிந்திருக்கும். ஆனாலும் உரக்க ஆமென் சொன்னார்கள், அவர்களுக்கும் செழியன் குணமாக வேண்டும் என்று இருந்ததோ என்னவோ. நாலாவது வாரம் பாஸ்டர் அந்தச் சகோதரரை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், விலாசம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அக்கா எழுந்து நின்று உண்மையைச் சொல்ல, சர்ச்சே குலுங்கியதாம்.

பாஸ்டர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "ஏன்க்கா, அண்ணன் பேரையே எழுதியிருக்கலாமே?" என்றிருக்கிறார்.

"நக்கோ பாஸ்டர், வேண்டாம். அவக பேர வாசிச்சா மெட்டுகுடா ஏரியா முழுக்க ஆர்லிக்ஸ் பாட்டிலோட வந்து நிக்கும். என்னையவே யாருன்னு தெரியாம முழிக்கிறாக, இன்னும் நாப்பது பேரு எதுக்கு? யாருக்குக் கேக்கேன்னு ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கு விலாசம் வேண்டாம்."

போன வியாழக்கிழமை பேய்மழை. செழியனின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாள், அக்காவைக் காணோம். போனும் போகவில்லை. டீயை நான் போட்டேன். ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. சேலை முழங்கால்வரை சேறு, தலையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கா வந்து நின்றார். ரூஃபஸ் திரும்பிப் பார்த்தார்.

"எங்க போன மெட்டி? ஒரு போன் பண்ண மாட்டியா? இந்தத் தம்பி டீன்னு சொல்லி வெந்நியக் குடுக்கான்."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"சார்..." என்றார் அக்கா.

"யாரு சாரு? முப்பத்திரெண்டு வருஷமா இல்லாத மரியாதை இப்ப எதுக்கு?"

ஸ்டோர்ஸ் புத்தி எங்கே போகும்? "என் பேர முழுசாச் சொல்லுங்க," என்றார் அக்கா.

"மெட்டில்டா கிறிஸ்டபெல். உங்கப்பா வெச்சது, என்னைக் கேக்காத."

ஏன் அன்றைக்கு, ஏன் அந்த நிமிடம் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது, வேறெதுவும் தோன்றவில்லை. திரையில் யாரோ உறையைப் பிரித்து எதையோ வாசித்தார்கள். செழியன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா நேரே வந்து கணவரின் தோளில் கிடந்த துண்டை உருவினார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார், தலையைத் துவட்டினார். பிறகு அந்த ஈரத் துண்டை அப்படியே அவர் தோளில் திரும்பப் போட்டார்.