முக்காவாசிச் சம்பளத்து வீடு

வெக்கத்த விட்டுச் சொல்றேன். சம்பளத்துல முக்காவாசிய வாடகைக்குக் குடுத்துட்டு, மிச்சத்துல டீயும் பன்னுமா நாலு மாசம் ஓட்டுன ஆளு நான். அது தெரியாம, கோயம்புத்தூர்ல புதுசா வேலைக்குச் சேந்திருக்க எம் மகன் நேத்து போன் பண்ணி, "யப்பா, சம்பளத்துல எம்புட்டு வாடகைக்குக் குடுக்கலாம்?"னு கேக்கான். நல்லா ஆளு பாத்துத்தான் கேட்டான்!

அப்பத்தான் வெரல்ல கத்தி பட்டு, காஸ் துணியச் சுத்திக்கிட்டு இருந்தேன். அந்த வாசம் மூக்குல ஏறுச்சு பாருங்க, நேரா ராஜபாளையத்துல நான் வேலை பாத்த பேண்டேஜ் துணி கம்பெனிக்கே போயிட்டேன். வெளுத்த துணி வாசம் சட்டையில, தலையில, திங்கிற சோத்துல கூட இருக்கும். சோறு இருந்தா.

கம்பெனிக்குப் பின்னால லைன் வீட்டுல ஒத்த ரூம்புலதான் இருந்தேன். அப்பன் ஆத்தா இல்லாத கட்டை, அது போதும். அப்பத்தான் சுந்தரபாண்டியத்துல ஒரு பொண்ணு அமைஞ்சுச்சு. பாத்ததும் புத்தி பேதலிச்சுப் போச்சு. "மாப்ள வீட்ட வந்து பாக்கோம்"னு அவுக சொன்னதும், ஒத்த ரூம்பக் காட்டுனா பொண்ணு போயிரும்னு பயந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் போற வீதியில ஒரு மாடி வீட்டப் பிடிச்சேன். சன்னலத் தெறந்தா கோபுரம்.

கூட வேலை பாத்த காசிம் அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏலே, வாடகை சம்பளத்துல நாலுல ஒரு பங்க தாண்டுச்சுன்னா, நீ வீட்டுல குடியிருக்கலைலே. வீடுதான் உம்மேல குடியிருக்கு."

நான் கேட்டாத்தானே! பொண்ணு வீட்டுக்காரவுகளோ வாரோம் வாரோம்னு நாலு மாசம் இழுத்துட்டாக.

எங்க பக்கம், சம்பந்தம் முடிவாகாம பொண்ணு வீட்டுக்காரவுக மாப்ள வீட்டுல கை நனைக்க மாட்டாக. காப்பியோட சரி. அந்தத் தைரியத்துல கால் கிலோ பால்கோவா மட்டும் வாங்கி வச்சேன். அடுக்களை மொட்டையாத் தெரியக் கூடாதுன்னு, கீழ் வீட்டுல எவர்சில்வர் டப்பா அஞ்சு எரவல் வாங்கி வரிசையா அடுக்குனேன். உள்ள காத்துதான்.

ஏழு பேரு வந்தாக. பொண்ணோட அம்மா மாடியேறி, சன்னல் வழியா கோபுரத்தக் கும்பிட்டுட்டு, ஒரே போடா, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கே கை நனைச்சிருவோம், உலைய வைங்க"ன்னுச்சு.

எம் பக்கத்துப் பெரியவருன்னு வந்து நின்ன காசிம் அண்ணன் என்னையப் பாக்காரு. நான் கோபுரத்தப் பாக்கேன்.

அந்தம்மாவே அடுக்களைக்குள்ள போயி மொத டப்பாவத் தெறந்துச்சு. பொறவு ரெண்டாவது. அஞ்சாவது டப்பா மூடி கீழ விழுந்த சத்தம் இன்னும் காதுல கேக்கு.

"என்ன தம்பி இது?"

"வாடகைக்கே சரியாப் போச்சு அத்தே."

பொண்ணு போச்சுன்னே நெனச்சேன். அந்தம்மா முந்தியில முடிஞ்சிருந்த காச அவுத்து, அரிசி பருப்பு வாங்கியாரச் சொல்லி காசிம் அண்ணன அனுப்புச்சு. தானே பொங்குச்சு. எல்லாரும் கை நனைச்சோம். கெளம்பும்போது, "கல்யாணத்துக்கு முன்னால இந்த வீட்டக் காலி பண்ணிரு தம்பி"ன்னு மட்டும் சொல்லுச்சு. பொண்டாட்டியோட அதே லைன் வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன்.

அந்த லைன் வீடு இப்ப இல்ல, அங்க கார் நிறுத்துறாக. கோபுரம் தெரிஞ்ச சன்னலச் செல்போன் கடை போர்டு மறைக்கி. மாப்ள வீட்ட இப்பல்லாம் போன்ல போட்டோ பாத்தே முடிச்சிருதாக, டப்பாவத் தெறக்க யாரு வாரா? காசிம் அண்ணனும் போயிட்டாரு. அவரு சொன்னதத்தான் மகனுக்குச் சொன்னேன்: "நாலுல ஒரு பங்குடா. மொதல்ல அரிசி வாங்கிப் போடு."

போன வச்சதும் எம் பொண்டாட்டி சிரிச்சா. "எங்கம்மா அன்னைக்கு ஏன் சம்மதிச்சுச்சுன்னு இத்தன வருசத்துல ஒரு நாளாவது கேட்டீகளா? 'பய முட்டாளு, ஆனா களவாணி இல்லட்டி. களவாணின்னா ஒரு டப்பாவுலயாவது அரிசி போட்டு வச்சிருப்பான்'னுச்சு."